தீடையில் தட்டிய கால்வாய்: சேது சமுத்திரத் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு அப்பால் கடலுக்குள் வரிசையாகக் கிடக்கும் மணல் மேடுகளை எங்கள் பக்கத்தில் தீடை என்போம். முதல் தீடை, ரெண்டாம் தீடை, மூன்றாம் தீடை என்று எண்ணிக்கொண்டே போனால் நடுவில் எங்கோ இந்தியா முடிந்து இலங்கை தொடங்கிவிடும். அகதிகளை நள்ளிரவில் இறக்கிவிட்டுப் போகிற செய்திகளில் பத்திரிகைகளும் இந்தச் சொல்லைத்தான் எழுதுகின்றன. கோர்ட் காகிதத்தில் இதன் பெயர் ஆதம் பாலம். மற்றபடி ராமர் பாலமா, மணல்திட்டா என்பது பேசுகிறவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது.

எங்கள் மாமா ஒருவர் பாம்பனில் வல்லம் என்கிற நாட்டுப்படகு வைத்திருந்தவர். ஆழத்தை அவர் மீட்டரில் சொல்லிக் கேட்டதில்லை. பாகம் என்பார். இரண்டு கையையும் முழுக்க விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். ஈயக்கட்டி கட்டிய கயிற்றை இறக்கி, மேலே இழுக்கும்போது கைகளை விரித்து விரித்து அளப்பார். தீடையை ஒட்டிப் பல இடத்தில் ஒரு பாகம்கூட வராது. சேதுக் கால்வாய்த் திட்டக் காகிதத்தில் ஆழம் என்று போட்டிருந்த 12 மீட்டரை அவருக்கு ஒருநாள் பாகத்தில் மாற்றிச் சொன்னேன். ஆறரைப் பாகம். கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அம்புட்டையும் வெட்டி எங்க மாப்ள கொட்டுவாக?” என்றார்.

இந்த ஆய்வு ராமரைப் பற்றியது என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். 2,427 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கட்சிகள் எப்படிக் கையில் எடுத்தன, எப்போது கீழே போட்டன, மறுபடி யார் எடுத்தார்கள் என்பதுதான் விஷயம். இந்தப் பணம் வேண்டாம் என்று யாரும் நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்கவில்லை. அப்படியும் கால்வாய் வரவில்லை. எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால் நம் ஊர் அரசியலின் வேலைமுறை கொஞ்சம் பிடிபடும்.

திட்டம் என்ன?

கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகிற கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே அவ்வளவு ஆழம் இல்லை. ஆழப்படுத்தி வழி விட்டால் அதிகபட்சம் 424 கடல் மைலும் சுமார் 30 மணி நேரமும் மிச்சம் என்பது திட்டத்தின் வாதம். வழியின் மொத்த நீளம் 167 கிலோமீட்டர். அதில் தோண்டவேண்டியது இரண்டு துண்டு: தீடைப் பகுதியில் சுமார் 35 கிலோமீட்டர், வடக்கே பாக் நீரிணையில் 54 கிலோமீட்டர். அகலம் 300 மீட்டர். அள்ளவேண்டிய மண் 8 கோடி கன மீட்டருக்கு மேல்.

யோசனை பழசு. 1860-ல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி எழுதிவைத்தது. விடுதலைக்குப் பின் 1955-ல் ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் குழு போட்டார்கள். அப்போது தூத்துக்குடித் துறைமுகமும் சேதுக் கால்வாயும் சேர்த்தே பேசப்பட்டன. துறைமுகம் வந்துவிட்டது. கால்வாய் தேர்தல் அறிக்கைக்குள் போனது.

ஆளுக்கொரு நேரம் ஆதரவு

1967-ல் ஆட்சிக்கு வந்த கையோடு அண்ணா சேதுத் திட்டத்துக்காகவும் சேலம் உருக்காலைக்காகவும் எழுச்சி நாள் கொண்டாடச் செய்தார். ஆக, தி.மு.க.வுக்கு இது வீட்டுச் சொத்து மாதிரி. அதில் ஆச்சரியம் இல்லை. மற்றவர்களின் வரிசையைப் பார்ப்போம்.

1998 செப்டம்பர் 15. சென்னையில் ம.தி.மு.க. நடத்திய அண்ணா பிறந்தநாள் மாநாடு. மேடையில் பிரதமர் வாஜ்பாய். சேது சமுத்திரத் திட்டம் நிறைவேற்றப்படும் என்று அவர் அங்கே அறிவித்தார். வைகோ இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார். அன்றைக்கு பா.ஜ.க. ஆட்சி நின்றதே தமிழ்நாட்டுக் கூட்டணிக் கட்சிகளின் தோளில்தான். தோள் கொடுத்தவர்களுக்கு என்ன தரலாம் என்று பார்த்தபோது கையில் அகப்பட்ட ஒன்று இந்தக் கால்வாய். ஆய்வு வேலைகள் அந்த ஆட்சியிலேயே தொடங்கின. நாக்பூர் நீரி நிறுவனம் சுற்றுச்சூழல் ஆய்வுக்கு இறங்கியதும் அப்போதுதான். தீடையை ஊடறுக்கும் ‘ஆறாம் வழி’ அந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

அ.தி.மு.க.வும் 2001 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையிலும் 2004 நாடாளுமன்றத் தேர்தல் அறிக்கையிலும் திட்டத்தை ஆதரித்து எழுதியிருந்தது. பிற்பாடு அந்தப் பக்கங்களைக் கருணாநிதி சலிக்காமல் எடுத்து வாசித்தார்.

2004-ல் தி.மு.க. அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அள்ளியது. பிறகு டெல்லியில் நடந்தது எனக்கு மிகப் பிடித்த பகுதி. இலாகா ஒதுக்கீட்டில் கப்பல் துறை தெலங்கானாவின் சந்திரசேகர ராவுக்குப் போயிற்று. தி.மு.க. முறுக்கிக்கொண்டது. பேசியபடி இலாகா வரவில்லை என்று அதன் அமைச்சர்கள் பொறுப்பேற்காமல் உட்கார்ந்தார்கள். சில நாளில் ராவ் கப்பல் துறையை விட்டுக்கொடுத்தார். அது டி.ஆர். பாலுவின் சாலைப் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்தது. கடலே இல்லாத தெலங்கானாவுக்காகக் கட்சி நடத்தியவர் கைக்குக் கப்பல் துறை வந்து, வந்த சுவடு தெரியாமல் போனதை அப்போது பலர் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. பாக் நீரிணையில் 2,400 கோடி ரூபாய் யார் பேனாவில் இறங்கும் என்பது அந்த நாட்களில்தான் முடிவானது.

அப்புறம் எல்லாம் வேகம். 2004 டிசம்பரில் சேது சமுத்திரம் கார்ப்பரேஷன். 2005 மார்ச் 31-ல் சுற்றுச்சூழல் அனுமதி. மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல். ஜூலை 2-ல் தொடக்க விழா. மன்மோகன் சிங், சோனியா காந்தி, கருணாநிதி எல்லோரும் வந்தார்கள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா மேடையில் இல்லை. விழா நடந்த ஊர் மதுரை. கால்வாய் எங்கள் கடலில், பந்தல் வைகைக் கரையில்! ஹெலிகாப்டர், ஓட்டல், கூட்டம் சேர்க்கிற வசதி எல்லாம் பார்த்தால் மதுரைதான் சரி. ஆனால் கடலைக் காட்டாமலே ஒரு கடல் திட்டத்தைத் தொடங்கிவைக்க முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இடம் மாறியவர்களில் ஒருவரைத் தனியாகச் சொல்லவேண்டும். சு. திருநாவுக்கரசர் 2002-ல் வாஜ்பாய் அமைச்சரவையில் கப்பல் துறை இணையமைச்சர். அந்தத் துறைதான் அப்போது சேதுத் திட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தது. 2009-ல் அவரே எங்கள் ராமநாதபுரம் தொகுதிக்கு பா.ஜ.க. வேட்பாளராக வந்தார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய கட்சி ஆறாம் வழியை எதிர்த்து நாடு முழுக்கத் தெருவில் இறங்கியிருந்தது. தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு காங்கிரசில் சேர்ந்தார். அது கோர்ட்டில் திட்டத்துக்காக வாதாடிக்கொண்டிருந்த கட்சி. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நகர்ந்த ஒவ்வொரு முறையும் கால்வாய் எதிர்ப்பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

வைகோவின் நிலை இன்னும் சிக்கல். 2006-ல் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போனார். கூட்டணித் தலைவி ஜெயலலிதா அதற்குள் மாறித் திட்டத்தை எதிர்க்கிறார், இவர் ஆதரிக்கிறார். இரண்டு பேரும் அதைப் பேசாமல் சமாளித்துக்கொண்டார்கள்.

2007 செப்டம்பர்

வேலை வடக்கே பாக் நீரிணையில் நடந்த வரைக்கும் சத்தம் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தீடைப் பக்கம் வந்ததும் கதை மாறியது. தூர்வாரும் கப்பல் ஒன்றின் ஊன்றுகால் உடைந்து கடலுக்குள் போனது. ராமர் கோபம் என்று ஒரு பக்கம் பேச்சு. பாறை இறுகியிருக்கிறது, இயந்திரம் போதவில்லை என்று இன்னொரு பக்கம். இயந்திரக் கோளாறுக்குக்கூடக் கட்சிவாரியாக விளக்கம் கிடைத்தது.

சுப்பிரமணியன் சுவாமி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், பாலத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. பதில் மனுவில் தொல்லியல் துறை, ராமாயண மாந்தர் இருந்ததற்கு வரலாற்று ஆதாரமில்லை என்கிற ரீதியில் எழுதிவிட்டது. பா.ஜ.க.வுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டே நாளில், செப்டம்பர் 14-ல், மத்திய அரசு மனுவைத் திரும்பப் பெற்றது. கலாசார அமைச்சர் அம்பிகா சோனி ராஜினாமா செய்யத் தயார் என்றார். தொல்லியல் துறை அதிகாரிகள் இருவர் சஸ்பெண்ட். சென்னையில் கருணாநிதியோ, ராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று கேட்டார்.

ஒரே கூட்டணியின் இரண்டு கட்சிகள் ஒரே வாரத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடின. வடக்கே ஓட்டு போய்விடும் என்று காங்கிரஸ் பின்வாங்குகிறது. தெற்கே ஓட்டு வரும் என்று தி.மு.க. முன்னே போகிறது. கால்வாயை வெட்டவேண்டியது இவர்கள் இருவரும் சேர்ந்துதான்.

அக்டோபர் 1-ல் தி.மு.க. அணி பந்த் அறிவித்தது. முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே உச்ச நீதிமன்றம் தனியாக அமர்ந்து பந்துக்குத் தடை விதித்தது. பந்தை உண்ணாவிரதமாக மாற்றினார்கள். ஆனாலும் பஸ் ஓடவில்லை. நீதிமன்றம் அன்று காலையே கடுமையாகப் பேச, முதல்வர் உண்ணாவிரதத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். முதலமைச்சரே தன் அரசின் பஸ் ஓடாத நாளில், மத்தியில் தான் பங்கு வகிக்கும் அரசு தொடங்கிய திட்டத்துக்காகப் பட்டினி கிடந்தார். யாரை எதிர்த்து என்று கேட்டால் பதில் சுலபமாக வராது.

பணம் வந்த வழி

சேது சமுத்திரத்துக்கென்று தனி மசோதா கிடையாது. அமைச்சரவை ஒப்புக்கொண்ட 2,427.40 கோடியில் 971 கோடி பங்கு மூலதனம். மீதி 1,456 கோடி அரசு உத்தரவாதத்தில் வாங்கும் கடன். இந்தக் கடன் துண்டு பட்ஜெட் செலவாக மக்களவையில் ஓட்டுக்கு வராது. கம்பெனி வாங்குகிறது, அரசு ஜாமீன். பங்கு மூலதனம் மட்டும் ஆண்டுதோறும் துறையின் மானியக் கோரிக்கைக்குள், அதாவது துறை தன் செலவுக்கு மக்களவையிடம் பணம் கேட்கிற பட்டியலுக்குள், ஒரு வரியாக வரும்.

அந்த வரியை எதிர்க்க விதி இருக்கிறது. கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் அரசின் பணக் கோரிக்கை ஒன்று சபையில் தோற்றால் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை என்று அர்த்தம். ஆகவே கூட்டணிக் கட்சிகள் எவ்வளவு முணுமுணுத்தாலும் பொத்தானை அழுத்தும்போது அரசோடு நிற்கும். இதற்குமேல் நேரமின்மை வேறு. பெரும்பாலான துறைகளின் கோரிக்கைகள் கடைசி நாளில் விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடும். கில்லட்டின் என்று அதற்குப் பெயர். பல்லாயிரம் கோடி ஒரு மாலையில் தலைக்கு மேலே போகும்.

பணம் போகிற இடத்தில் சண்டை போட யாருக்கும் லாபமில்லை. சண்டை போட்டால் ஆட்சி கவிழும், இல்லை கூட்டணி உடையும். அதனால் சண்டை வேறு இடங்களுக்கு நகர்ந்தது: நீதிமன்றத்துக்கு, தேர்தல் அறிக்கைக்கு, பஸ் நிறுத்தத்துக்கு. அந்த இடங்களில் நம்பிக்கையைப் பேசலாம், பகுத்தறிவைப் பேசலாம், தமிழன் கனவைப் பேசலாம். கணக்குப் பேசவேண்டிய கட்டாயம் இல்லை.

கணக்கோ பேசவேண்டிய கணக்கு. தூத்துக்குடியிலிருந்து விசாகப்பட்டினம் போகிற கப்பலுக்கு மிச்சம் அதிகம். ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தா போகிற கப்பலுக்கு மிச்சம் குறைவு. கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்கவேண்டும், வழிகாட்டி மாலுமி ஏறவேண்டும், கட்டணம் கட்டவேண்டும். இந்த ஆழத்துக்குச் சுமார் 30,000 டன் கப்பல்தான் போகும். உலகமோ அதைவிடப் பெரிய கப்பல்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்புறம் எங்கள் கடலின் குணம். தென்கடலை ஆண் கடல் என்போம், வடகடலைப் பெண் கடல் என்போம். காற்று மாறுகிறபோதெல்லாம் மணல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகும். தீடைகளே ஆண்டுக்கு ஆண்டு உருவம் மாறுகின்றன. தோண்டிய பள்ளம் தோண்டியபடி இருக்காது, திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும். இந்தச் செலவு பற்றி நிபுணர்கள் எழுதினார்கள். எந்தக் கட்சி மேடையிலும் அது எடுபடவில்லை.

மீனவர் கேள்வியும் அப்படியே. 2004, 2005-ல் கரையோர மாவட்டங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது மீனவர் பலர் எதிர்த்துப் பேசினார்கள். அவர்கள் ராமரைப் பேசவில்லை. எங்கள் தீவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்துத் தொழில் செய்கிறோம். ஏற்கெனவே எல்லைக்கோடு நெருக்குகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 300 மீட்டர் அகலத்தில் கப்பல் பாதை போட்டால் அதைக் குறுக்கே கடக்க விடுவார்களா? வலையை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு போகிறவன் கப்பலைக் கண்டதும் வலையை அறுத்துவிட்டு ஓடவேண்டுமா? தோண்டுகிற கலங்கல் போய் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப் பாரில் படிந்தால்? அங்கே 21 தீவுகளைச் சுற்றி 1986-லேயே கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவித்து, பாசி எடுக்கிற பெண்களைக்கூட உள்ளே விடாமல் நிறுத்துகிற வனத்துறை இருக்கிறது. பாசிக்கு ஒரு சட்டம், டிரெட்ஜருக்கு ஒரு சட்டமா என்று பாம்பன் சின்னப்பாலத்து மீனவர்கள் கேட்டால் எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

2007-ல் பா.ஜ.க. திட்டத்தை எதிர்த்தபோதும் இந்தக் கேள்விகளைப் பெரிதாகத் தூக்கவில்லை. தூக்கினால் வேறு வழியில் கால்வாய் வெட்டலாம் என்ற தன் நிலைக்கே அது இடிக்கும். தி.மு.க.வும் தொடவில்லை. மீனவர் பயத்தை ஒப்புக்கொண்டால் கனவில் ஓட்டை விழும். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ராமர் பெயரில் சண்டை போடுவது சௌகரியமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

வழி மாற்றமும் வாய் மாற்றமும்

2008 ஜூலையில் மத்திய அரசு ஆர்.கே. பச்சௌரி தலைமையில் நிபுணர் குழு போட்டது. தீடையைத் தொடாமல் தனுஷ்கோடி நிலத்தை வெட்டிப் போகிற ‘நான்கு ஏ’ வழியை ஆராயச் சொன்னார்கள். அதே சமயம் மத்திய அரசின் வழக்கறிஞர் ஃபாலி நாரிமன், பாலத்தை ராமரே உடைத்துவிட்டார் என்று கம்பராமாயணத்தைச் சாட்சிக்கு அழைத்து வாதாடினார். ஓர் ஆண்டுக்கு முன் ராமருக்கே ஆதாரமில்லை என்று மனுப் போட்ட அதே அரசு! 2009 ஜூலையோடு வடக்கே தூர்வாரலும் நின்றது. மாற்று வழி பொருளாதார ரீதியிலும் சூழல் ரீதியிலும் ஏற்றதில்லை என்றது குழு. 2013 பிப்ரவரியில் அந்த அறிக்கையை ஏற்கவில்லை, ஆறாம் வழியிலேயே போகிறோம் என்றது மத்திய அரசு. அதுவரை செலவு 766 கோடிக்கு மேல். அதே ஆண்டு ஜெயலலிதா அரசு, திட்டத்தைக் கைவிடவேண்டும், பாலத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. 2001 தேர்தல் அறிக்கையிலிருந்து பன்னிரண்டு ஆண்டுத் தூரம்.

2014-ல் ஆட்சி மாறியது. பாலத்தைத் தொடமாட்டோம், வேறு வழி பார்க்கிறோம் என்றார் நிதின் கட்கரி. 2018 மார்ச்சில் அதையே மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. திட்டம் ரத்து என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் செலவழித்ததற்குக் கணக்குக் கேட்பார்கள், தமிழ்நாட்டில் ஒரு ஆயுதம் எதிரி கைக்குப் போகும். செய்கிறோம் என்றும் சொல்ல முடியாது.

2023 ஜனவரி 12-ல் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், திட்டத்தை உடனே நிறைவேற்றச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்தும் தீர்மானம் கொண்டுவந்தார். பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரன், பாலத்துக்குச் சேதமில்லை என்றால் ஆதரவு என்றார். அ.தி.மு.க.வும் மீனவர் நலன் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 2007-ல் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டவர்கள் ஒரே மதியத்தில் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்கலாம். தீர்மானத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பணம் மத்திய அரசுடையது, கடலும் அவர்கள் பொறுப்பு, ஆதரிப்பதற்கு ஆகும் செலவு ஒரு ‘ஆம்’.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். கண் மங்கிவிட்டது, பேப்பரை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். யார் யார் பேசினார்கள், எந்தக் கட்சி ஆதரித்தது, யார் என்ன நிபந்தனை போட்டார்கள் என்று வரிசையாக வாசித்தேன். மீனவர் பாதிக்கப்படக் கூடாது என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த மண்ண எங்க கொட்டுவாகன்னு யாராச்சும் கேட்டாகளா மாப்ள?”

மேலிருந்து கீழ் வரை இன்னொரு தடவை பார்த்தேன். அடுத்த பக்கத்தையும் புரட்டினேன்.